மஞ்சள் காருக்கு மூச்சு கொடுத்த வீதி

வார்ப்படக்காரர் வீதியில் காக்கைகள் பறப்பதை விட்டுவிட்டு நடந்து போக ஆரம்பித்த வருஷத்தில், கோயமுத்தூருக்குத் தெற்கே இருக்கும் பந்தயத் தடத்தில், அதுவரைக்கும் யாரும் திரும்பிப் பார்த்திராத ஒரு மஞ்சள் கார் ஜெயிக்க ஆரம்பித்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகக் கிடக்கிற, முன்னால் நீண்ட மூக்கு வைத்த கார் அது. அதன் சொந்தக்காரன் திருமூர்த்தி அந்த வீதியிலேயே பிறந்து, அந்த வீதியிலேயே லேத் பட்டறை போட்டு, அந்த வீதியிலேயே நாற்பது வயதைத் தாண்டியவன்.

அங்கே எல்லோருக்கும் பம்பு வேலை. ஒரு வீட்டில் வார்ப்பார்கள், அடுத்த வீட்டில் கடைவார்கள், அதற்கடுத்த வீட்டில் செம்புக் கம்பியைச் சுருள் சுற்றுவார்கள், கடைசி வீட்டில் நீலப் பெயின்ட் அடித்து லாரியில் ஏற்றுவார்கள். அந்த பம்பு எங்கேயோ ஒரு தோட்டத்துக் கிணற்றின் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி வாழைக்குப் பாய்ச்சிக்கொண்டிருக்கும். ஒரு இடத்தில் உறிஞ்சினால் இன்னொரு இடத்தில் வற்றும் என்பதை அந்த வீதியில் யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் அது நடந்தபோது ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

காரை ஒரு மில் முதலாளி வீட்டுக் கொட்டகையிலிருந்து பழைய இரும்பு விலைக்கு எடுத்து வந்து, வருஷக்கணக்கில் உட்கார்ந்து உயிர் கொடுத்திருந்தான் திருமூர்த்தி. கட்டுப்பாடு எதுவும் இல்லாத பிரிவு ஒன்று பந்தயத்தில் உண்டு, யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மாற்றிய காரைக் கொண்டுவரலாம். அதில் அவன் ஓட்டினான், ஓட்டிய எல்லாப் பந்தயத்திலும் பின்னால்தான் வந்தான். முதல் கார் கோட்டைத் தாண்டி, பரிசு மேடையில் மாலை விழுந்து, கூட்டம் கலைந்து, மைக்கில் பேசுகிறவர் டீ குடிக்கப் போன பிறகுதான் மஞ்சள் கார் கடைசி வளைவைத் திரும்பும். அவன் மனைவி கோகிலவாணி தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் கட்டி எடுத்து வந்திருப்பாள். போன தடவைக்கு இந்தத் தடவை பரவாயில்லை என்பாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அவள் பரவாயில்லை என்று சொல்லாத ஒரு நாளுக்காகவே அவன் ஓட்டினான் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு காலை நேரம், தோசைக்கு முன்னால் உட்கார்ந்து, அவளுக்கு விளக்கம் சொன்னான். இஞ்சின் என்பது வேறொன்றுமில்லை, மூச்சுதான். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், கூடவே காற்று போகாவிட்டால் அது எரியாது. இந்தக் காரைச் செய்தவர்கள் மரியாதைப்பட்டவர்கள். தூசி உள்ளே போகக்கூடாது, சத்தம் வெளியே கேட்கக்கூடாது, வண்டி ரொம்ப காலம் உழைக்க வேண்டும் என்று யோசித்து, காற்று வருகிற வழியெல்லாம் தடை வைத்திருக்கிறார்கள். மடிப்பு மடிப்பாகக் காகிதம் வைத்த வடிகட்டிப் பெட்டி, வளைந்து வளைந்து போகிற ஒரு குழாய், உறிஞ்சுகிற சத்தத்தை விழுங்குவதற்கு ஒரு வெற்று டப்பா, எல்லாவற்றுக்கும் மேலே இஞ்சின் வாயில் ஒரு இரும்பு வளையம். ஒருத்தனை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னால் அவன் எப்படி ஜெயிப்பான் என்று கேட்டான்.

கோகிலவாணி தோசையைத் திருப்பிப் போட்டாள். "அதையெல்லாம் எடுத்துட்டா, அத்தனை காத்து எங்கிருந்துங்க வரும்?"

"காத்துக்கா பஞ்சம்?" என்று சொல்லிவிட்டு அவன் கை கழுவ எழுந்தான்.

பெட்டியைக் கழற்றினான், குழாயைக் கழற்றினான், டப்பாவைக் கழற்றினான், கடைசியாக வளையத்தை உளி வைத்துத் தட்டி எடுத்தான். காற்று போகிற பாதையின் உட்சுவரைத் தேய்த்துத் தேய்த்து, விரல் வைத்தால் வழுக்குகிற மாதிரி பண்ணினான். எல்லாம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஷட்டரைத் தூக்கி, காரை ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலரேட்டரை மிதித்தான். பட்டறைச் சுவரிலிருந்த காலண்டரின் தாள்கள் காரைப் பார்த்து எழுந்து நின்றன. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த சேலைகள் பட்டறையை நோக்கிச் சாய்ந்தன. நாச்சிமுத்துவின் டீக்கடையில் அடுப்பின் சுடர் அவரைவிதை அளவுக்குச் சுருங்கியது. வீதியில் அந்த நேரத்தில் யார் யார் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்களோ அவர்களுக்கெல்லாம் பாதியிலேயே காற்று தீர்ந்துபோனது. குடிக்கிற டம்ளர் பாதியில் காலியாகிவிட்ட மாதிரி எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பட்டறைப் பக்கம் பார்த்தார்கள். ஓ, அதுவா, என்று அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். எல்லோருடைய காற்றும் திருமூர்த்தியைத் தாண்டித்தான் காருக்குள் போனது என்பதால் அவனுக்கு மட்டும் குறையொன்றும் தெரியவில்லை.

அடுத்த பந்தயத்தில் மஞ்சள் கார் முதலில் வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. கோகிலவாணி பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப்போனாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஒரு தடவை எடுத்த காற்று அப்படியே வீதிக்குத் திரும்பி வரவில்லை. பந்தயத் தடத்தில் புகையாகப் போனது போனதுதான். மேற்கேயிருந்து, மலைப்பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்து நிரம்புவதற்குள் திருமூர்த்தி மறுபடியும் ஷட்டரைத் தூக்கிவிடுவான். ஆகவே வீதி இருப்பதை வைத்துச் சமாளிக்கப் பழகியது. முதலில் விசாரிப்புகளைச் சுருக்கினார்கள். சாப்பிட்டாச்சுங்களா என்பது ஆச்சுங்களா என்றாகி, ஆச்சா என்றாகி, கடைசியில் ஒரு தலையசைப்பில் வந்து நின்றது. கீரை விற்கிற தெய்வானை காலையில் வீதி முனையில் நின்று அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, வெந்தயக்கீரையேய் என்று ஒரே மூச்சில் இழுத்துச் சொன்னால் கடைசி வீட்டில் பெயின்ட் அடிக்கிறவர் வரைக்கும் கேட்கும். அது அரைக்கீரை சிறுகீரை என்று குறைந்தது, பிறகு கீரை என்று குறைந்தது, பிறகு அவள் வெறுமனே கதவைத் தட்ட ஆரம்பித்தாள். மாரியம்மன் கோயில் பூசாரி அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொன்னால் போதும், பெயர் வேண்டாம், அம்மனுக்கு ஆளைத் தெரியும் என்றுவிட்டார். வார்ப்படக்காரர்கள் உலைக்குக் கூடுதலாக ஒரு ஊதுகாற்றாடி வைத்துப் பார்த்து, சரிப்படாமல், சின்னச் சின்ன வார்ப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். காக்கைகள் சாலையோரமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்ட கிழவர்களைப் போல நடந்து போயின. அவற்றுக்காக சைக்கிள்காரர்கள் ஒதுங்கிப் போகப் பழகினார்கள்.

சண்டைகள் நின்றுவிட்டன. குழாயடியில் வாய் திறந்தால் ஒரு பகல் முழுக்கப் பேசக்கூடிய பெண்கள் முதல் வசையிலேயே நிறுத்திக்கொண்டார்கள். புருஷன் பெண்டாட்டி தகராறுகள், யார் முதலில் பேசுவது என்பதிலேயே களைத்து, படுத்துத் தூங்கிவிட்டன. அமைதியான வீதி என்று பேர் கிளம்பி, வேறு பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வாடகைக்கு வீடு கேட்டு வந்தார்கள். மாநகராட்சியிலிருந்து ஒருத்தர் ஒரு கருவியோடு வந்து, நாச்சிமுத்து கடை முன்னால் வைத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்து, சொல்லி முடிக்காமல் போனார்.

வீதி இளைஞர்கள் முனையில் ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள். திருமூர்த்தி ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நிற்கிற படம், அதற்குக் கீழே பெரிய எழுத்தில், எங்கள் வீதியின் மூச்சே, என்று போட்டிருந்தது. எல்லா பிளெக்ஸிலும் போடுகிற வழக்கமான வார்த்தைதான். அச்சடித்தவர் எதையும் நினைத்துப் போட்டிருக்க மாட்டார்.

திருமூர்த்தி அதை முதல்தடவை பார்த்த அன்றைக்கே அவனுக்குக் காதுமடல் சுட்டது. முட்டாளில்லை அவன். லேத்தில் நூலளவு பிசகினால் விரல் நுனியில் உணர்கிறவன். முதல் ஞாயிற்றுக்கிழமையே அவனுக்குத் தெரியும். தெரிந்தும், இந்த ஒரு பந்தயம் முடியட்டும் என்று நினைத்தான். அது முடிந்ததும், இந்த சீசன் முடியட்டும் என்று நினைத்தான். பிளெக்ஸைத் தாண்டிப் போகாமலிருக்கப் பின்பக்கச் சந்து வழியாகப் போய்வந்தான். ஜெயிக்கிற ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வீடு லட்டு கொடுத்தான். வாங்கிக்கொண்டவர்கள் அவனைப் பார்த்து வாயை லேசாகத் திறந்து, பல் தெரிய, ஒரு கணம் அப்படியே நின்று, மூடிக்கொண்டு உள்ளே போனார்கள். அந்தச் சிரிப்புதான் அவனை வதைத்தது. மூச்சு முட்டினாலும் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்களே, நம் பையன் ஜெயிக்கட்டும் என்று பொறுத்துக்கொள்கிறார்களே என்று அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருத்தராவது வந்து சட்டையைப் பிடித்தால் தேவலை என்றிருந்தது. ஒருத்தரும் வரவில்லை. யாராவது கேட்டால் அன்றைக்கே எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிடலாம் என்று காத்திருந்தான். யாரும் கேட்காததே அவனுக்கு வசதியாகவும் இருந்தது. அந்த வசதியை நினைத்து இன்னும் கூசினான்.

இப்படி இருக்கும்போதுதான் அவன் தங்கை தேவகி பிரசவத்துக்கு வந்தாள். அவர்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. அண்ணன் வீடுதான் தாய்வீடு. டவுன் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அது போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்களாம். தாய்மாமன் என்ற முறையில் திருமூர்த்தி சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தான். குழந்தை அவன் விரலைச் சப்பிவிட்டு, இனிப்பு போதாதென்று மறுபடியும் வீறிட்டது. வெகு நாளைக்குப் பிறகு அவன் சிரித்தான்.

வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் காலை, அந்த வாரம் நடக்கவிருந்த சீசனின் கடைசிப் பந்தயத்துக்குத் தயார் பண்ண அவன் காரை ஸ்டார்ட் பண்ணினான். வீட்டுக்குள்ளே வீறிட்டுக்கொண்டிருந்த அழுகை சட்டென்று நின்றது. அவன் இஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே ஓடினான். தொட்டிலில் குழந்தை உதட்டை இறுக மூடிக்கொண்டு, மார்பு அசையாமல், கண்ணை மட்டும் விழித்துப் பார்த்துக்கொண்டு கிடந்தது. பிறகு ஒரு சின்ன வாய் காற்றை எடுத்து, விட்ட இடத்திலிருந்து அழுதது.

அடுத்த நாள் அவன் ஷட்டரைப் பாதி தூக்கினான். கார் இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஷட்டர் கிறீச்சிடுகிற சத்தம் மட்டும்தான். உள்ளே அழுகை நின்றது. அவன் மெதுவாக நடந்து போய்ப் பார்த்தான். குழந்தை தானாகவே வாயை மூடிக்கொண்டு, வரப்போவதற்குத் தயாராகக் காத்திருந்தது.

தேவகி தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி அண்ணனைப் பார்த்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தி, மூச்சு சேர்த்துப் பேசினாள்.

"குணமான பையன்ணா. மாமன் வேலைன்னா... தொந்தரவு பண்றதில்ல."

அவள் குத்திக்காட்டவில்லை. பெருமையாகத்தான் சொன்னாள். திருமூர்த்திக்கு அங்கே நிற்க முடியவில்லை. பட்டறைக்குப் போய், காரின் மூக்கைத் தூக்கி வைத்துவிட்டு, வெகுநேரம் அதன் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள்ளே விரலை விட்டால் வழுக்கியது. எத்தனை நாள் உட்கார்ந்து இதைத் தேய்த்தோம் என்று நினைத்தான். பிறகு இரும்பு வளையத்தை எடுத்து, அது இருந்த இடத்தில் வைத்துத் தட்டினான். டப்பாவை மாட்டினான், வளைந்த குழாயை மாட்டினான், வடிகட்டிப் பெட்டியில் புதிய காகிதம் போட்டு மூடினான். கோகிலவாணி வந்து போல்ட்டுகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

பந்தய நாளன்று அவன் போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் வீதி இளைஞர்கள் ஒரு வேனில் கொடி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் தோற்றுக் காட்டுவதுதான் நியாயம் என்று அவனுக்குப் பட்டது. மஞ்சள் கார் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது. முதல் கார் கோட்டைத் தாண்டி, மாலை விழுந்து, கூட்டம் கலைந்த பிறகு அவன் கடைசி வளைவைத் திரும்பினான். வேனைக் காணவில்லை. அவர்களுக்கு என்ன சொல்வது, பிளெக்ஸை எப்படிக் கழற்றச் சொல்வது, மன்னிப்பு எந்த வீட்டிலிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று யோசித்தபடியே சாயங்கால வெயிலில் வீதிக்குத் திரும்பி வந்தான்.

வீதி முனையிலேயே இரைச்சல் கேட்டது. வெகு காலமாக அவன் கேட்டிராத இரைச்சல். உலையில் நெருப்பு உறுமியது, குழாயடியில் இரண்டு பெண்கள் கையை நீட்டி நீட்டி மாதக்கணக்காகத் தேங்கியிருந்த ஒரு விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள், பூசாரி யாரோ ஒருவருடைய குலம் கோத்திரம் பேரன் பேத்தி எல்லாவற்றையும் சொல்லி அர்ச்சனை பண்ணிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து மலைக்காற்று இறங்கி வீதியை நிரப்பிவிட்டிருந்தது. நிம்மதியாக இருந்தது அவனுக்கு. காரைப் பட்டறை முன்னால் நிறுத்திவிட்டு, தோற்றுவிட்டேன் என்று சொல்லத் திரும்பினான்.

யாரும் அதைக் கேட்க வரவில்லை. நாச்சிமுத்து கடையை அப்படியே விட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வந்து நின்று ஒரு நீண்ட மூச்சு இழுத்தார். பிறகு, ஏண்டா உனக்கு அறிவிருக்கிறதா என்று ஆரம்பித்து, பால் பொங்காத காலைகளையும், அடுப்பை ஊதி ஊதி மயங்கி விழுந்த தன் மனைவியையும், மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து எழுந்த தன்னையும், ராத்திரி தூக்கத்தில் மூச்சுக்குத் திணறி எழுந்து பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த வீதியின் எல்லா வீடுகளையும், அத்தனைக்கும் மேலே வாசலுக்கு வந்து லட்டு கொடுத்துவிட்டுப் போன அவனுடைய கொழுப்பையும், நிறுத்தாமல், கமா கூடப் போடாமல், ஒரே வாக்கியமாகச் சொல்லி முடித்தார். அவர் நகர்ந்ததும் வார்ப்படக்காரர் ஒருவர் வந்தார். அவருக்குப் பின்னால் பெயின்ட் அடிக்கிறவர். அவருக்குப் பின்னால் வேனில் போயிருந்த இளைஞர்கள், கொடிக்கம்பை இன்னும் கையில் வைத்தபடி. திருமூர்த்தி காரில் சாய்ந்துகொள்ளாமல், கைகட்டி, நிமிர்ந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். மத்தியில் ஒரு தடவை, நீங்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்களே என்றான். நியாயம் பேசச் சொன்னதல்ல, தாங்காமல் வந்தது.

அப்போது முன்னால் நின்றவள் தெய்வானை. கூடையை இறக்கிக் காலடியில் வைத்தாள்.

"சிரிச்சோம்னா நெனச்ச? உன்னையப் பாத்தப்பல்லாம் திட்டத்தான் சாமி வாயத் தொறந்தேன். மூச்சு வரல. தொறந்த வாய அப்படியே மூடிக்கிட்டுப் போனேன். அத நீ சிரிப்புன்னு எடுத்துக்கிட்ட."

அவன் தலை அதுவரைக்கும் நிமிர்ந்துதான் இருந்தது. அந்தச் சொல்லுக்குக் குனிந்தது. இத்தனை மாதமும் அவன் வெட்கப்பட்டது அவர்களுடைய அன்புக்கு முன்னால். அப்படி ஒரு அன்பு அங்கே இருக்கவே இல்லை. அவன் எடுத்துக்கொண்டதில் அவர்களுடைய கோபமும் சேர்ந்து போயிருக்கிறது. அந்தக் கோபத்தை எரித்துத்தான் கார் ஓடியிருக்கிறது. அது தெரியாமல் தன்னுடைய வெட்கத்தையே ஒரு பெருந்தன்மை மாதிரி சுமந்துகொண்டு சந்து வழியாக நடந்திருக்கிறான். அதை நினைக்க நினைக்க, இதற்கு முன்னால் பட்டதெல்லாம் வெட்கமே இல்லை என்று தோன்றியது.

திட்டி முடித்தவர்கள் கலைந்து போகிற சமயத்தில் விசாலாட்சி வந்தாள். நீலப் பெயின்ட் அடிக்கிற வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி, கணவனை அந்த வருஷத்து மழைக்காலத்தில் இழந்தவள். சர்க்கரை நோய் முற்றிப் போன சாவு, அதில் யாருடைய தப்பும் இல்லை. ஆனால் உடலை எடுத்த அன்று காலையில் திருமூர்த்தி காரை வெளியே எடுத்திருந்தான். பந்தயம் முடித்து, மாலை போட்ட கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவன் போய் நின்றபோது, விசாலாட்சி உடலின் தலைமாட்டில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். சத்தம் எதுவும் இல்லை. எவ்வளவு தைரியமான பொம்பளை என்று யாரோ சொன்னார்கள். அவனும் ஆமென்று தலையாட்டினான். அந்த நாளை மட்டும் அவன் அதற்குப் பிறகு ஒருதடவைகூட நினைத்துப் பார்க்காமல் தள்ளி வைத்திருந்தான்.

அவள் திட்டப் போகிறாள் என்று அவன் காத்திருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தாள்.

"நான் கொஞ்சம் அழோணும் தம்பி. முடியற வரைக்கும் வண்டிய எடுக்காத."

திரும்பி நடந்து போய், தன் வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். முதலில் ஒரு நீண்ட மூச்சு எடுத்தாள், பிறகு இன்னொன்று எடுத்தாள், அதற்கப்புறம் "என்ற ராசா..." என்று ஆரம்பித்தாள். அந்தக் குரல் உலைச் சத்தத்தைத் தாண்டி எழுந்தது. உலையை அணைத்தார்கள். குழாயடியில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் குடங்களை அங்கேயே வைத்துவிட்டு ஓடிப்போய் அவள் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோகிலவாணி முந்தானையைச் செருகிக்கொண்டு திருமூர்த்தியைத் தாண்டிப் போனாள். ஆண்கள் டீக்கடையிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு எதிரே போட்டு, அன்றைக்குச் செத்த வீட்டில் உட்காருவது போல, துண்டை மடியில் போட்டு உட்கார்ந்தார்கள். ஆறாத அழுகை அது. பொழுது சாயச் சாய இன்னும் ஏறிக்கொண்டே போனது.

திருமூர்த்தி கொஞ்ச நேரம் காருக்குப் பக்கத்திலேயே நின்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து போய், ஆண்கள் உட்கார்ந்திருந்த கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றான். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. அவன் நின்றுகொண்டே இருந்தான்.